கல்வெட்டும் கூத்தும் களிமண்ணும்: எமது பல்கலைக்கழகங்கள் ஆக்கியவை

எம்மவர் மத்தியில் பல்கலைக்கழகம் என்றவுடன் நினைவுக்கு வருவது பட்டம்தான். 'பெடியன் கம்பசுக்கு எடுபட்டிட்டான்' என்ற செய்தி ஒழுங்கை முழுவதையும் ஒருகாலத்தில் தலை நிமிர வைத்தது. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற வரிசையிற்தான் மரியாதையும் சீதனமும் அளக்கப்பட்டன. கடல் கடந்து வந்த பிறகும் இது பெரிதாக மாறிவிடவில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் எமது வீடுகளின் வரவேற்பறைச் சுவர்களில், கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பிள்ளை நிற்கும் படம் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பழிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. உணவகங்களிற் கோப்பை கழுவிப் பிள்ளையைப் படிப்பித்தவர்களுக்கு அந்தப் படம் என்ன பெறுமதி என்பது எமக்குத் தெரியும்.

ஆயினும் பட்டம் என்பது பல்கலைக்கழகம் ஒருவருக்குக் கொடுப்பது. பல்கலைக்கழகம் ஒரு சமூகத்துக்கு ஆக்கித் தருவது வேறு. அந்தக் கணக்கை நாம் ஒருபோதும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. யாராவது பார்த்தாலும் 'ஆய்வு' ஒரு பக்கம், 'ஆக்க இலக்கியம்' மறுபக்கம் என இரண்டு பேரேடுகளிற் பதிந்துவிடுகிறோம். எமது பல்கலைக்கழகங்களின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால் இந்த இரண்டு பேரேடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதைக் காணலாம். கல்வெட்டு வாசித்தவரே நாடகம் எழுதினார். மேடையில் ஆடியவரே அந்த ஆட்டத்தைப் பற்றி ஆய்வேடு சமர்ப்பித்தார். கவிதை எழுதியவரே இலக்கண நூலும் எழுதினார். அந்த வேலைகளில் முக்கியமானவை பலவும் வெளிவந்த வேளையில் யாரோ ஒரு சாராரின் கோபத்தைச் சம்பாதித்தவை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் சேர் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. அங்கு முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943 இற் பொறுப்பேற்றவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவிற் பிறந்த அவர் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழும் பௌதிகமும் சங்கீதமும் அவரிடம் ஒருங்கே இருந்தன. அதன் விளைவுதான் 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்'. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் தரும் குறிப்புகளை வைத்துக்கொண்டு, நரம்புகளின் சுருதி விகிதங்களைக் கணக்கிட்டு, வழக்கொழிந்துபோன யாழ்களின் அமைப்பை மீட்டெடுக்க அவர் முயன்றார். இதை எந்தத் துறையிற் சேர்ப்பது? இலக்கிய ஆய்வு என்றாற் பாதிதான் சரி. கணிதம் என்றாலும் பாதிதான் சரி. நூல் அரங்கேறிய அடுத்த மாதமே, 1947 யூலையில், சுவாமிகள் காலமானார். ஆனால் ஒரு தமிழ்த்துறை எத்தனை திசைகளைப் பார்க்கலாம் என்பதை அவருடைய நூல் அதற்குள் காட்டிவிட்டிருந்தது.

அவருக்குப் பின் பேராசிரியரானவர் க. கணபதிப்பிள்ளை. இவர் லண்டனிற் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்த விடயம் 7ஆம், 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழி. கல்வெட்டு மொழியை ஆராய்கிறவர் ஒரு உண்மையைத் தவிர்க்கமுடியாமற் சந்திக்கிறார். கல்லில் எழுதியவர்கள் எல்லோரும் இலக்கண நூலைப் பார்த்து எழுதவில்லை. அவர்களுடைய பேச்சு வழக்கும் அந்த எழுத்துகளுக்குள் இறங்கியிருக்கிறது. பண்டிதர்கள் பிழை என ஒதுக்கியது மொழியியலாளருக்குச் சான்றாகிறது.

இந்தப் பார்வையோடு ஊர் திரும்பிய கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதினார். 1940 இல் 'நானாடகம்', 1952 இல் 'இருநாடகம்' என இரு தொகுதிகள் வெளிவந்தன. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' என்ற தலைப்புகளே அவை எந்த உலகத்தைச் சேர்ந்தவை என்பதைச் சொல்லும். உடையாரும் வேலைக்காரனும் கலியாணத் தரகரும் ஊரிற் கதைக்கிற மாதிரியே மேடையிற் கதைத்தார்கள். மாணவர்கள்தான் நடிகர்கள். கொச்சைத் தமிழை மேடையேற்றுவது ஒரு தமிழ்ப் பேராசிரியருக்கு அழகா என்று முகஞ் சுளிக்கிற மனோபாவம் வலுவாக இருந்த காலம் அது. வாழ்க்கையிற் பேசுகிற மொழிதான் நாடகத்திலும் வரவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். பிற்காலத்தில் ஈழத்துச் சிறுகதையிலும் நாவலிலும் மண்வாசனை பற்றி நடந்த பெரிய விவாதங்களுக்கெல்லாம் முன்னரே, ஒரு கல்வெட்டு ஆய்வாளர் அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

கல்வெட்டு வேலையும் அவரோடு நின்றுவிடவில்லை. அவருடைய மாணவரான ஆ. வேலுப்பிள்ளை சாசனத் தமிழை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தொடர்ந்தார். அவருடைய 'சாசனமும் தமிழும்' 1971 இல் வெளிவந்தது. பின்னாளில் அவர் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆய்வைத் தொடர்ந்தார். எமது புலப்பெயர்வில் இதுவும் ஒரு பாதை.

1952 இற் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயரத் தொடங்கியது. மகாவலி வளைந்தோடும் அந்த மலைச்சாரலைப் பற்றி எம்மவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஏராளம். அங்கு நிகழ்ந்தவற்றில் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1956 ஆம் ஆண்டு என்றால் எமக்குத் தனிச் சிங்களச் சட்டம். அது சரிதான். ஆனால் அதே ஆண்டில்தான் கணபதிப்பிள்ளையின் 'சங்கிலி' என்ற வரலாற்று நாடக நூல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பேராதனையிற் கற்பித்த எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாற்றையே திருப்பிய நாடகம் அது. சரச்சந்திர வெறும் கற்பனையில் அதை ஆக்கவில்லை. சிங்கள நாட்டார் நாடகம் பற்றி முன்பே அவர் ஆராய்ந்து நூல் எழுதியிருந்தார். அவர் எடுத்தாண்ட 'நாடகம' என்ற வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து, கரையோரக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்களத்துக்குப் போனது. பெயரே அதைச் சொல்லுகிறது. சட்டசபையில் இரு மொழிகளையும் பிரித்து வைத்த அந்த ஆண்டில், ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு பழைய உறவை மேடையில் வைத்தார்.

இதைத் தமிழ்த்துறையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவர் சு. வித்தியானந்தன். பத்துப்பாட்டைப் பற்றி ஆராய்ந்து 1950 இல் லண்டனிற் கலாநிதியானவர், 1954 இல் 'தமிழர் சால்பு' எழுதியவர். சங்க இலக்கியம் படித்த அந்தக் கண் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் திரும்பியது. ஊரூராகப் போய் நாட்டார் பாடல்களையும் கூத்துப் பிரதிகளையும் சேகரித்துப் பதிப்பித்தார். பிறகு மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1962 இற் 'கர்ணன் போர்', 1963 இல் 'நொண்டி நாடகம்', அறுபதுகளின் நடுப்பகுதியில் 'இராவணேசன்', 1968 இல் 'வாலிவதை' என அவை தொடர்ந்தன.

வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து அங்கு படச்சட்ட மேடைக்கு வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கவேண்டியிருந்தது. ஒப்பனையும் ஒளியும் மாறின. இதனால் இரு பக்கத்தாலும் ஏச்சு விழுந்தது. படித்தவர்களிற் சிலருக்குக் கூத்து என்பது நாட்டுப்புறத்தார் ஆட்டம், பல்கலைக்கழகத்துக்கு இழுக்கு. வேறு சிலருக்கோ, கூத்தைச் சுருக்கியதும் சமூகத்திலிருந்து பிரித்தெடுத்ததும் பிழை. இந்த இரண்டாவது விமர்சனத்தில் நியாயம் இருந்தது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றியே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குப் போன பின்னர் 'இராவணேசனை'த் தானே மீண்டும் மீண்டும் புதிதாகத் தயாரித்தார். ஆடியவர் ஆராய்ந்தார், ஆராய்ந்தவர் திருத்தி ஆடினார். வித்தியானந்தனின் முயற்சிக்கு வந்த விமர்சனத்துக்கு அடுத்த தலைமுறை இப்படித்தான் பதில் தேடியது.

கலைப்பீடத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நாமும் அரைகுறைக் கணக்குத்தான் எழுதியவர்களாவோம். பேராதனைப் பொறியியற் பீடத்திற் கற்பித்த அழகையா துரைராஜாவின் பெயரை எம்மிற் பெரும்பாலோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்ற வகையிலேயே அறிவோம். எரிபொருட் தடைக் காலத்திற் சைக்கிளில் வேலைக்கு வந்த துணைவேந்தர் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அவர் எதை ஆராய்ந்தார் என்று கேட்டால், மண் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

களிமண்ணின்மேல் ஒரு கட்டடத்தையோ அணைக்கட்டையோ வைத்தால் மண் அமுங்குகிறது, வழுக்குகிறது, நீரை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு சுமைக்கு எவ்வளவு உருமாறும் என்பதை முன்கூட்டியே கணிக்க அக்காலத்தில் முழுமையான கொள்கை இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ என்பவரின் தலைமையில் ஒரு குழு இதில் ஈடுபட்டது. மண்ணைத் தொடர்ந்து நறுக்கிக்கொண்டே போனால், இனிமேற் கனவளவு மாறாது, உருவம் மட்டுமே மாறிக்கொண்டிருக்கும் என்ற ஒரு நிலைக்கு அது வந்து சேரும். எமது பாடசாலைப் பௌதிகத்தில் 'அவதிக் கோணம்' என்று படித்தோமே, அந்தச் சொல்லையே இதற்கும் இட்டு 'அவதி நிலை' எனலாம். மண்ணுக்கு நாம் கொடுக்கும் சக்தி அதன் துணிக்கைகளின் உராய்விற் செலவாகும் முறையைத் துரைராஜாவின் பரிசோதனைகள் ஆராய்ந்தன. 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா என்ற மூவர் பெயரிலும் வெளிவந்த கட்டுரை அத்துறையின் அடிப்படை எழுத்துகளில் ஒன்று. உலகெங்கும் மண்பொறியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரைக் கடந்துதான் போகிறார்கள். வடமராட்சியில் வேரூன்றிய ஒரு பெயர் அது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எமது பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்கலாம்.

1988 இல், எவரும் விரும்பி ஏற்காத ஒரு வேளையில், அவர் யாழ்ப்பாணத்தின் துணைவேந்தரானார். 1994 யூனில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். கிளிநொச்சியிற் பொறியியற் பீடம் என்ற அவருடைய கனவு, அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னரே நனவாகியது.

இனி, கோபத்தைச் சம்பாதித்த ஆய்வுகளுக்கு வருவோம். க. கைலாசபதி பத்திரிகை ஆசிரியராக இருந்து பல்கலைக்கழகம் வந்தவர். பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் அவர் செய்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்தது. சங்கச் செய்யுள்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, அவை பாணர் மரபில் வாய்மொழியாகப் பிறந்தவை என அவர் வாதித்தார். சங்கம் என்றாற் புலவர்கள் ஏடும் எழுத்தாணியுமாக வீற்றிருந்த அவை என்று நம்பியவர்களுக்கு இது உவக்கவில்லை. பாணரின் வாய்மொழியா, புலவரின் எழுத்தா என்ற விவாதத்தில் இன்று அவருடைய முடிவை அப்படியே ஏற்காதவர்கள் பலர். ஆனால் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சங்க இலக்கியம் பற்றி எழுத முடியாமற் போனதே அவருடைய நூலின் வெற்றி.

கா. இந்திரபாலாவின் கதை இன்னும் கூர்மையானது. 1965 இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேடு இலங்கையிற் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றத்தையும் பற்றியது. அன்று கிடைத்த எழுத்துச் சான்றுகளையும் கல்வெட்டுகளையும் வைத்து, குறிப்பிடத்தக்க அளவிலான தமிழ்க் குடியேற்றங்கள் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டிலிருந்தே நிகழ்ந்தன என்ற முடிவுக்கு அவர் வந்தார். எமக்கு உரிமை கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், எமது ஆள் ஒருவர் எமக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகவே பலர் இதை எடுத்துக்கொண்டார்கள். மறுபக்கத்தில், தமிழர் பிந்தி வந்தவர்கள் என்று வாதிட்டவர்களுக்கு அந்த முடிவு கைக்கு வாய்ப்பாகப் போயிற்று.

ஆனால் இந்திரபாலா ஆய்வை அங்கு நிறுத்தவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எண்பதுகளின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் அவருடைய குழுவினர் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில், பிராமி எழுத்துப் பொறித்த ஒரு முத்திரை கிடைத்தது. பொ. இரகுபதி குடாநாடு முழுவதும் நடந்து செய்த தொல்லியல் மேலாய்வு 1987 இல் நூலாகியது. ஏடுகள் சொல்லாததை மண் சொல்லத் தொடங்கியது. 2005 இல், ஆய்வேடு எழுதி நாற்பது ஆண்டுகளின் பின், அவுஸ்திரேலியாவிற் குடியேறியிருந்த இந்திரபாலா ஒரு புதிய நூலை எழுதினார். அதிற் தன்னுடைய பழைய முடிவைத் தானே திருத்தினார். தமிழர், சிங்களவர் ஆகிய இரு இனக்குழுக்களும் பெருமளவில் இத்தீவின் ஆதிமக்களிலிருந்தே, மொழியும் பண்பாடும் மாறி மாறி உருவாகின எனச் சான்றுகளோடு காட்டினார். 2006 இல் அது தமிழிலும் வந்தது. முன்பு அவரைத் தூக்கிப் பிடித்தவர்களுக்கு இந்த நூல் பயன்படவில்லை. முன்பு அவரை ஏசியவர்களுக்கும் இது முழுத் திருப்தி தரவில்லை. சிங்களவரும் தாமும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள் என்பதைக் கேட்க அவர்களும் ஆயத்தமாக இல்லை.

தனது கலாநிதிப் பட்டம் எந்த முடிவின்மேல் நின்றதோ அந்த முடிவையே பிழை என்று சொல்ல ஒருவருக்கு நேர்மை வேண்டும். அது மட்டும் போதாது. அப்படிச் சொல்வதற்கு ஓர் இடமும் வேண்டும். பிழைவிட உரிமையும், அதைத் திருத்த அவகாசமும், திருத்தும்வரை உயிரோடு இருக்க அனுமதியும் அந்த இடத்தில் இருக்கவேண்டும். அப்படியான ஓர் இடத்துக்குத்தான் பல்கலைக்கழகம் என்று பெயர். எமது வரலாற்றில் அது எப்போது இல்லாமற் போனது என்பதை இனிச் சொல்லியாக வேண்டும்.

தரப்படுத்தலின் கசப்புக்கு நடுவே, 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியிற் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் ஆரம்பமானது. கைலாசபதி அதன் முதற் தலைவர். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதற் துணைவேந்தர். ஆரம்பத்தில் இந்த வளாகத்தையே அரசின் கண்துடைப்பு என்று எதிர்த்தவர்கள் எம்மில் இருந்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அங்கு நடந்ததைப் பார்த்தால், அவர்களிற் பலர் தமது கருத்தை மாற்றியிருப்பார்கள்.

கற்பித்த எம். ஏ. நுஃமான் 1979 இல் மௌனகுருவோடும் சித்திரலேகாவோடும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டு ஈழத்து இலக்கியம் பற்றிய ஆய்வு நூலை எழுதினார். 1981 யூனில் யாழ் பொதுநூலகம் எரிந்து சாம்பலானபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவரும் அவர்தான். மார்க்சியத் திறனாய்வு பற்றியும் எழுதினார், 1999 இல் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்ற நூலையும் தந்தார். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985 இற் பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினராற் மேடையேறியது. போருக்குள் வாழ்ந்த சனங்கள் தங்களுடைய கதையையே மேடையிற் கண்டார்கள். 1986 இற் சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியால் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண்கள் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. சிறிய புத்தகம்தான். ஆனால் ஈழத்துப் பெண்களின் கவிதை எங்கிருந்து தொடங்கியது என்று தேடுகிறவர்கள் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இவற்றில் எது ஆய்வு, எது ஆக்கம்? பெண்நிலைவாதம் படித்த வட்டத்திலிருந்துதான் அந்தக் கவிதைகள் வந்தன. நாடகமும் அரங்கியலும் பாடமாக இருந்த இடத்திலிருந்துதான் அந்த நாடகம் வந்தது.

இந்த இடம் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் தாக்கப்பட்டது. 1983 மேயிற் பேராதனையில் தமிழ் மாணவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். யூலையில் நாடே எரிந்தது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் உலங்குவானூர்தியில் இறங்கியது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகச் சமூகமும் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறியது. இவையெல்லாம் எமது நினைவுமலர்களில் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன.

எழுதப்படாதவையும் உண்டு. உடற்கூற்றியற்துறைத் தலைவராக இருந்த ராஜனி திராணகம வேறு மூன்று விரிவுரையாளர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினார். இலங்கை இராணுவம், இந்திய இராணுவம், எமது இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பினரதும் கொடுமைகளை ஆவணப்படுத்திய நூல் அது. 1989 செப்டெம்பர் 21 இல் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு என அவருடைய சக நூலாசிரியர்கள் எழுதினார்கள். நூல் 1990 இல் வெளிவந்தபோது அதை எழுதியவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை, மற்றவர்கள் ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நுஃமானின் பணி பேராதனையிற் தொடர்ந்தது. 1991 மேயில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் படித்த கவிஞர் சிவரமணி தன் கவிதைகளைத் தீயிட்டுவிட்டு இறந்துபோனார். அவருக்கு வயது 22. அதே ஆண்டு ஓகஸ்டில், அரங்கியல் மாணவியும் கவிஞருமான செல்வியைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை. 1992 இல் அனைத்துலக எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அளித்தபோதும் அதை வாங்க அவர் இல்லை.

இந்திரபாலாவுக்குத் தன்னைத் திருத்த நாற்பது ஆண்டு கிடைத்தது. செல்விக்கு நாற்பது வயதே கிடைக்கவில்லை. அவர்கள் எழுதியதிற் பிழை இருந்ததா, சரி இருந்ததா என்பது வேறு விடயம். பிழை இருந்திருந்தாற் பதில் எழுதியிருக்கலாம். கணபதிப்பிள்ளைக்குப் பண்டிதர்கள் பதில் எழுதினார்கள். கைலாசபதிக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்கள். யாரும் துவக்கு எடுக்கவில்லை. எமது பல்கலைக்கழகங்களின் ஐம்பது ஆண்டு வேலைக்கு அடித்தளமாக இருந்தது இதுதான் என்று நாம் கருதுகிறோம். அது போனபின் கட்டடம் இருந்தது, விரிவுரை நடந்தது, பட்டமும் கொடுத்தார்கள். ஆனால் எமக்குப் பிடிக்காததை எமக்குச் சொல்லும் குரல் மெலிந்துபோயிற்று.

இந்த விடயத்திற் புலம்பெயர்ந்த நாமும் சுத்தமானவர்கள் அல்லர். அந்த நாட்களில் 'இப்ப இதைக் கதைக்கிற நேரமில்லை' என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம். மாற்றுக் கருத்து எழுதிய சஞ்சிகைகளைக் கடையில் வைக்கப் பயந்தவர்கள் மட்டுமல்ல, வாங்கி வீட்டில் வைக்கப் பயந்தவர்களும் எம்மில் இருந்தோம். பயந்ததை இப்போதாவது ஒப்புக்கொள்ளலாம்.

2018 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது. அதன்பின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற்கும் எம்மவர்கள் 30 இலட்சம் கனேடிய டொலர் திரட்டினார்கள். இது சிறிய காரியமல்ல. கோப்பை கழுவிய கைகளின் பணமும் அதில் இருக்கிறது. அந்த இருக்கையில் இருந்து நாளை ஒருவர் எமக்கு உவப்பில்லாத ஒரு முடிவை எழுதுவார். எழுதத்தான் வேண்டும். அன்றைக்கு நாம் என்ன செய்வோம் என்பதிற்தான் நாம் கொடுத்த பணத்தின் பெறுமதி தெரியவரும். காசு கொடுத்தவன் நான் என்று தொலைபேசி எடுப்போமா, அல்லது சான்றைத் தேடி எடுத்துப் பதில் எழுதுவோமா?

செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்றும் இருக்கிறது. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' மலர்கள், மாணவர்களின் 'கதைப்பூங்கா' போன்ற தொகுப்புகள், நாடக நிகழ்ச்சி நிரல்கள், ரோணியோ எடுத்த பிரசுரங்கள் எல்லாம் நூலகங்களில் ஒழுங்காகச் சேரவில்லை. 1981 இலும் பின்னர் இடப்பெயர்வுகளிலும் அழிந்தவை போக மிச்சம் எமது வீடுகளில்தான் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்துச் சேர்த்து வருகிறது. பட்டமளிப்புப் படம் தொங்குகிற அதே வீட்டில், நிலவறையில், ஒரு பழைய சூட்கேஸ் இருக்கும். கடவுச்சீட்டும் பிறப்பத்தாட்சியும் இருந்த அந்தச் சூட்கேசின் அடியில், அட்டை கழன்ற ஒரு மலர் கிடந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஒரு மாணவர் எழுதிய மோசமான கவிதை இருக்கலாம். அடுத்த பக்கத்தில் அவரே எழுதிய ஆய்வுக் கட்டுரை இருக்கும். இரண்டையும் சேர்த்தே அனுப்பி வையுங்கள்.